ஒரே கிரீஸ் கன், இரண்டு அளவுகள்: புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கும் அதன் மூட்டுகளுக்கும் கிரீஸ் இடுதல்

நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றின் அடியில் படுத்துப் பார்த்தால், எஞ்சினின் விசையை இரு அச்சுகளுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் அச்சுக்கு ஒன்றும் பின் அச்சுக்கு ஒன்றுமாக இரண்டு எஃகுக் குழாய்கள் செல்வது தெரியும். இவையே புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகள். ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் கோணத்திலும் சுழற்சியைக் கடத்தும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், இடையில் ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறைய இடம் தரும் ஒரு ஸ்லிப் ஜாயின்ட் என்பது பல வண்டிகளில் காணப்படும் எளிய அமைப்பு. அந்த அமைப்பில் கிரீஸை உள்ளே செலுத்துவதற்கான சிறு முனைகளாகிய நிப்பிள்கள் மொத்தம் ஆறு. பின் ஷாஃப்ட் இரண்டு துண்டுகளாக இருந்தாலோ, முன் ஷாஃப்ட்டில் இரட்டை மூட்டு இருந்தாலோ இந்த எண்ணிக்கை கூடும்.

ஆறு நிப்பிள்களுக்கும் கிரீஸ் கன்னை வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து முறை அழுத்திவிட்டு எழுந்துவிடுவது பரவலான பழக்கம். வேலை செய்ததுபோலத் தோன்றினாலும் பெரும்பாலும் இது பாதி வேலைதான். சில வேளைகளில் கெடுதலான வேலையும்கூட. யுனிவர்சல் ஜாயின்ட்டுக்கும் ஸ்லிப் ஜாயின்ட்டுக்கும் ஒரே கிரீஸ் பொருந்தலாம், ஆனால் ஒரே அளவு பொருந்தாது. முன்னதில் பழைய கிரீஸ் நான்கு பக்கமும் வெளியே வரும்வரை நிறுத்தக் கூடாது. பின்னதில், பெரும்பாலான வண்டிகளில், அதுவரை காத்திருக்கக் கூடாது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, இரண்டு மூட்டுகளுக்குள்ளும் கிரீஸ் எந்த வழியில் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

கிராஸின் உள்ளே

யுனிவர்சல் ஜாயின்ட்டின் நடுவில் இருப்பது கூட்டல் குறி வடிவிலான ஓர் எஃகுத் துண்டு. பணிமனைகளில் இதைக் கிராஸ் என்பார்கள். அதன் நான்கு கைகளின் நுனியிலும் ஒவ்வொரு கப் கவிழ்க்கப்பட்டிருக்கும். கப்பின் உட்சுவரை ஒட்டி மெல்லிய ஊசி உருளைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். கப்பின் வாயை ஒரு ரப்பர் சீல் மூடியிருக்கும். எதிரெதிரான இரண்டு கப்கள் ஒரு யோக்கிலும், மற்ற இரண்டு அடுத்த யோக்கிலும் பொருந்தும். யோக் என்பது வேறொன்றுமில்லை, ஷாஃப்ட்டின் முனையில் உள்ள கவை.

இந்த யோசனை மிகப் பழையது. பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் இது கார்டன் ஜாயின்ட் என்றும், பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக்கின் பெயரால் ஹூக் ஜாயின்ட் என்றும் அழைக்கப்படுகிறது. மோட்டார் வண்டிக்கு ஏற்ற வடிவத்துக்கு 1903இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். அவருடைய பெயர் இன்றும் கிராஸ் விற்கும் பெட்டிகளின் மேல் அச்சிடப்பட்டு வருகிறது.

இரண்டு ஷாஃப்ட்டுகள் கோணத்தில் சந்திக்கும்போது இந்த மூட்டு சுழற்சியைச் சீராகக் கடத்துவதில்லை. உள்ளே வரும் வேகம் மாறாமல் இருந்தாலும், வெளியே போகும் வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். கோணம் 10 பாகையானால் ஏற்ற இறக்கம் சுமார் ஒன்றரை விழுக்காடு மட்டுமே. 30 பாகையானால் வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஊசலாடும். ஷாஃப்ட்டின் மறுமுனையில் இன்னொரு மூட்டை அதே கோணத்தில், சரியான நிலையில் பொருத்தினால் ஒன்றின் பிசகை மற்றொன்று ஈடுசெய்துவிடும். கிரீஸ் இடுவதற்கென ஸ்லிப் ஜாயின்ட்டை யாராவது கழற்றினால், இரு பகுதிகளின் மேலும் ஒரே நேர்க்கோட்டில் அடையாளம் இட்டுவிட்டே கழற்ற வேண்டும் என்று சொல்லப்படுவது இதனால்தான். பற்களை இடம் மாற்றிக் கோத்துவிட்டால் இரண்டு பிசகுகளும் ஒன்றையொன்று தணிப்பதற்குப் பதிலாகக் கூடிக்கொள்ளும், வண்டி அதிரும்.

கிரீஸைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமானது ஊசிகளின் அசைவு. சக்கரத்தின் பேரிங்கில் உருளைகள் ஓயாமல் ஒரே திசையில் உருண்டு, தமக்கும் ஓடுபாதைக்கும் இடையே எண்ணெய்ப் படலத்தை இழுத்து வைத்துக்கொள்கின்றன. கிராஸின் ஊசிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மூட்டு 6 பாகைக் கோணத்தில் இயங்கினால், கை தன் கப்பினுள் ஒவ்வொரு சுற்றிலும் 6 பாகை இந்தப் பக்கமும் 6 பாகை அந்தப் பக்கமும் ஆடிவிட்டுத் திரும்புகிறது. கையின் விட்டம் 18 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதன் மேற்பரப்பு ஒரு பக்கம் நகரும் தொலைவு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. ஊசியின் நடு இன்னும் குறைவாக, ஏறத்தாழ அதில் பாதியே நகரும். எந்த ஊசியும் ஒரு முழுச் சுற்று உருள்வதில்லை. ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே முன்னும் பின்னுமாக அசைந்து, அங்கிருந்த கிரீஸைத் தானே விலக்கிவிடுகிறது.

இந்தச் சிறிய அசைவு எத்தனை முறை நிகழ்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். டயரின் சுற்றளவு 2.4 மீட்டர், அச்சின் பல்விகிதம் 4.1 எனக் கொண்டால், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 695 முறையும் ஷாஃப்ட் சுமார் 2,850 முறையும் சுற்றும். ஒரு மணி நேரப் பயணத்தில் ஊசிகள் 1,70,000 முறைக்கு மேல் ஒரே தடத்தில் முன்பின் ஆடுகின்றன. அங்கே புதிய கிரீஸ் வந்துசேராவிட்டால் உலோகம் உலோகத்தோடு உரசும். உதிரும் நுண்துகள்கள் துருவாகும். அந்தத் துரு மேலும் அரைக்கும். நாளடைவில் கையின் மேல் ஊசிகளின் அச்சு வரிவரியாகப் பதிந்துவிடும். கழற்றிய பழைய கிராஸை விரல்நுனியால் தடவிப் பார்த்தால் அந்த வரிகள் தட்டுப்படும்.

கோணமே இல்லாமல் நேராக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. கோணம் சுழியமானால் ஊசிகள் அசையவே மாட்டா. மொத்தச் சுமையையும் ஒரே கோட்டில் தாங்கி அங்கேயே குழி விழச்செய்யும். அதனால்தான் வடிவமைப்பாளர்கள் மூட்டுக்கு ஓரிரு பாகைக் கோணத்தையாவது வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள்.

மேடு பள்ளமும் ஓடை நீரும்

தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டியோடு ஒப்பிட்டால், கரடுமுரடான பாதைகளில் ஓடும் வண்டியின் மூட்டுகளுக்கு மூன்று கூடுதல் சுமைகள் உண்டு.

முதலாவது முறுக்குவிசை. எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர் தருகிறது, முதல் கியர் அதை 4 மடங்காக்குகிறது, டிரான்ஸ்ஃபர் கேஸின் மெதுவேகப் பல்லமைப்பான லோ ரேஞ்ச் மேலும் 2.5 மடங்காக்குகிறது என்றால், உராய்வு இழப்பை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும்போது ஷாஃப்ட்டுகளுக்கு வந்துசேரக்கூடிய முறுக்குவிசை 3,000 நியூட்டன் மீட்டர். சக்கரங்கள் பிடிமானம் இழந்து சுழன்றுவிட்டால் அவ்வளவும் வராது. ஆனால் பாறையில் நன்றாகப் பிடித்துக்கொண்ட டயர் ஷாஃப்ட்டை இரக்கமின்றி முறுக்கும். அத்தகைய அழுத்தத்தில் சாதாரணக் கிரீஸின் படலம் கிழிந்துவிடுவதால், உலோகப் பரப்போடு வேதிவினை புரிந்து மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும் கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்த கிரீஸ் தேவைப்படுகிறது. டப்பாவின் மேல் ஈ.பி. (எக்ஸ்ட்ரீம் பிரஷர்) என்று குறிப்பிட்டிருப்பது இதைத்தான்.

இரண்டாவது கோணம். வண்டியை உயர்த்துவதற்காக நீளமான ஸ்பிரிங்குகளைப் பொருத்தியவர்கள், அத்தோடு ஷாஃப்ட்டின் கோணத்தையும் கூட்டிவிடுகிறார்கள். ஊசிகள் ஆடும் தொலைவும், அவை உண்டாக்கும் வெப்பமும், சீல்களின் உதடுகள் படும் பாடும் அதற்கேற்பக் கூடுகின்றன. உயர்த்திய வண்டிக்கு, உயர்த்தாத வண்டியின் கையேட்டில் உள்ள கிரீஸ் இடைவெளி பொருந்தாது.

மூன்றாவதாகிய தண்ணீர்தான் இம்மூன்றிலும் கொடியது. நெடுந்தொலைவு ஓடிச் சூடேறிய மூட்டு திடீரென்று குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது, அதனுள் சிக்கியிருக்கும் காற்று சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளியே இருக்கும் நீர் சீலின் உதட்டைத் தாண்டி உறிஞ்சப்படுகிறது. அதோடு நுண்மணலும் சேர்ந்து நுழைகிறது. கரையேறிய வண்டியில் எந்த அறிகுறியும் தெரியாது. உள்ளே கிரீஸ் மெல்ல மெல்ல வெண்மையாகத் திரிந்து, மோர்க்குழம்பு போன்ற நிறத்துக்கு வந்து, படலம் தாங்கும் வலிமையை இழந்திருக்கும். கப் முழுவதும் கிரீஸ் நிறைந்திருந்தால் சுருங்குவதற்கான காற்றே உள்ளே இருக்காது என்பதால், ஆழமான நீரைக் கடப்பதற்கு முன்பு கிரீஸ் இட்டுவைப்பதும், கடந்து வந்த பிறகு மீண்டும் இட்டு உள்ளே புகுந்ததை வெளியேற்றுவதும் ஒரே காரணத்தின் இரு பக்கங்கள். உயர் அழுத்த நீர்ப்பீச்சியால் அடிப்பகுதியைக் கழுவுவதும் இதே கேட்டைச் செய்யக்கூடும். எனவே கழுவிய பிறகே கிரீஸ் இட வேண்டும்; கிரீஸ் இட்டுவிட்டுக் கழுவுவது தலைகீழ் வரிசை.

எந்தக் கிரீஸ்

கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் அன்று. எண்ணெயைத் தேக்கிவைத்திருக்கும் பஞ்சு என்று சொல்வதே பொருத்தம். அதன் பெரும்பகுதி சாதாரண எண்ணெய்தான். ஒரு வகைச் சோப்பு அந்த எண்ணெயைப் பிடித்துவைத்துத் தேவைப்படும்போது கசியவிடுகிறது. இன்று மிகுதியாகப் புழங்கும் லித்தியம் சோப்புக் கிரீஸ் 1940களின் தொடக்கத்தில் உருவானது. அதன் மேம்பட்ட வடிவமான லித்தியம் காம்ப்ளெக்ஸ் கூடுதல் வெப்பத்தைத் தாங்கும். கால்சியம் சல்ஃபோனேட் வகை தண்ணீரில் எளிதில் கழுவப்படாது என்பதால், அடிக்கடி நீரைக் கடக்கும் வண்டிகளுக்கு நல்ல தேர்வு.

கெட்டித்தன்மையை, என்.எல்.ஜி.ஐ. என்ற அமெரிக்கக் கிரீஸ் அமைப்பின் எண் குறிக்கிறது. ஒரு திட்டமான கூம்பைக் கிரீஸில் விழவிட்டு, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்து இந்த எண்ணைத் தருகிறார்கள். எண் 2 என்றால் இறங்கும் ஆழம் 26.5 மி.மீ. முதல் 29.5 மி.மீ. வரை. ஷாஃப்ட் மூட்டுகளுக்குப் பெரும்பாலான கையேடுகள் கேட்பது இந்த எண் 2 தான். கடுங்குளிர்ப் பகுதிகளில் எண் 1 பயன்படுவதும் உண்டு. உறைபனியில் எண் 2 நான்கு கப்களுக்கும் போய்ச்சேர மறுக்கும்.

மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கருநிறக் கிரீஸைப் பற்றிக் கருத்து வேறுபாடு நீண்ட காலமாக இருக்கிறது. ஸ்லிப் ஜாயின்ட்டின் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதால், அங்கே இந்தத் திண்ம மசகு மிகவும் பயன்படும், அதில் ஐயமில்லை. ஊசிகள் உருள வேண்டிய கப்களில் இதை மிகுதியாக இட்டால் ஊசிகள் உருளாமல் வழுக்கக்கூடும் என்பது ஒரு தரப்பின் வாதம். டொயோட்டாவின் நான்கு சக்கர இயக்க வண்டிகள் பலவற்றின் கையேடுகள் கிராஸுக்குச் சாதாரண லித்தியம் கிரீஸையும், ஸ்லிப் ஜாயின்ட்டுக்கு மாலிப்டினம் கலந்ததையும் குறிப்பிடுகின்றன. இரண்டு கிரீஸ் கன் வைத்துப் பேணும் பொறுமை உள்ளவர்களுக்கு இது சிறந்த ஏற்பாடு. அந்தப் பொறுமை இல்லாதவர்கள், குறைந்த அளவு மாலிப்டினம் கலந்த ஒரே ஈ.பி. கிரீஸை எல்லா இடத்திலும் இடுவதில் பெரிய தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எந்தக் கிரீஸும் இல்லாமல் ஓடுவதால் கெட்ட கிராஸ்களோடு ஒப்பிட்டால், தவறான கிரீஸால் கெட்டவை மிகச் சிலவாகவே இருக்கும்.

ஆனால் கலப்பதில் கவனம் தேவை. பாலியூரியா வகையையும் களிமண் வகையையும் லித்தியம் வகையோடு கலந்தால், பஞ்சு உடைந்து எண்ணெய் ஒழுகி வெளியேறிவிடக்கூடும். வகை மாற்ற நேர்ந்தால், பழையது முழுவதும் போய்ப் புதியது மட்டும் வரும்வரை தள்ளிவிட வேண்டும்.

நான்கு வாய்களும் திறக்க வேண்டும்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுப்பதிலிருந்து வேலை தொடங்குகிறது. எல்லா நிப்பிள்களையும் எட்டுவதற்கு ஷாஃப்ட்டைச் சுற்ற வேண்டியிருக்கும். அதற்காக வண்டியை நியூட்ரலில் விட்டு நகர்த்தவோ ஒரு சக்கரத்தைத் தூக்கவோ வேண்டியிருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் பழைய வடிவம் போன்ற வண்டிகளில் கைபிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் ஷாஃப்ட்டையே பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால், இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் டிஃபரென்ஷியலின் வழியாக வண்டி நகர்ந்துவிடும்; கைபிரேக் இழுத்தபடியே இருந்தாலும் அதனால் பயனில்லை. முட்டுக்கட்டைகளை மட்டுமே நம்ப வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து நிப்பிளைத் துடைப்பது. இது அற்பமாகத் தோன்றும் வேலை, ஆனால் விடக்கூடாதது. நிப்பிளின் நுனியில் ஒரு சிறு குண்டு ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்திருக்கிறது. அதன்மேல் மண் ஒட்டியிருந்தால், கிரீஸ் கன் அந்த மண்ணையும் சேர்த்தே உள்ளே தள்ளும். பாதுகாக்க வேண்டிய ஊசிகளுக்கு நாமே உப்புத்தாளை ஊட்டுவதற்கு இது சமம். ஆஸ்கர் ஸெர்க் 1929இல் காப்புரிமை பெற்ற இந்த எளிய நிப்பிள் வடிவம் அவ்வளவாக மாறாமல் இன்றும் இருக்கிறது. துடைக்க வேண்டிய கட்டாயமும் மாறவில்லை.

நிப்பிளின் வழியாக நுழையும் கிரீஸ், கிராஸின் நடுவிலிருந்து நான்கு கைகளுக்குள்ளும் துளைக்கப்பட்ட குழல்களில் பிரிகிறது. கையின் நுனியில் வெளிப்பட்டுக் கப்பின் அடியை நிரப்பி, அங்கிருந்து திரும்பி ஊசிகளின் நீளவாக்கில் ஓடி, கடைசியில் சீலின் உதட்டை வந்தடைகிறது. எனவே சீலில் எட்டிப்பார்ப்பது ஊசிகள் எல்லாவற்றையும் கடந்துவந்த கிரீஸ். பழைய கிரீஸ், துருத்தூள், நீர் ஆகியவை முதலில் வரும். பிறகு புதிய நிறம் வரும். நிறம் மாறும்வரை அழுத்துவதுதான் இந்த மூட்டின் அளவு. எத்தனை முறை அழுத்துவது என்ற கேள்விக்கு விடை இல்லை. கையால் இயக்கும் கன் ஒரு அழுத்தத்துக்கு ஏறத்தாழ ஒரு கிராம் மட்டுமே தரும். சிறிய கிராஸ் சில அழுத்தங்களில் நிரம்பிவிடும், வறண்டு கிடந்த பெரிய கிராஸ் இன்னும் நிறையக் கேட்கும்.

சிக்கல் வருவது நான்கில் மூன்று மட்டும் திறந்துகொள்ளும்போது. கிரீஸ் எளிய வழியைத்தான் தேடும். ஒரு சீல் சற்றுத் தளர்ந்திருந்தால் எல்லாம் அதன் வழியாகவே ஒழுகும். இறுகிப்போன நான்காவது கப்புக்கு ஒரு துளியும் போகாது. பார்ப்பவருக்கோ மூட்டெங்கும் கிரீஸ் வழிவது தெரிவதால் மனநிறைவு ஏற்பட்டுவிடும். முதலில் கெடுவது அந்த நான்காவது கப்தான். ஷாஃப்ட்டை மேலும் கீழுமாக, பக்கவாட்டிலும் அழுத்தி அசைத்துக்கொண்டே கன்னை இயக்கினால், பெரும்பாலும் அடைத்த வழி திறக்கும். மூட்டைப் பாதிச் சுற்று சுற்றி மீண்டும் முயல்வதும் பலன் தரும். அதற்கும் மசியாவிட்டால், ஷாஃப்ட்டைக் கழற்றி அந்தக் கப்பை மட்டும் சற்று வெளியே நகர்த்தி, கிரீஸ் ஓடவிட்டுத் திரும்பப் பொருத்த வேண்டும். அப்போதும் வராத கிராஸை மாற்றிவிடுவதே மேல்.

மெதுவாக அழுத்துவது மற்றொரு தேவை. கையால் இயக்கும் சாதாரணக் கன்கூட, வழி அடைபட்டிருந்தால், பல நூறு பார் அழுத்தத்தை எழுப்பக்கூடியது. காற்றழுத்தத்தில் இயங்கும் கன் அதை ஒரே நொடியில் எழுப்பிவிடும். சீலின் உதடு உட்புறமாகப் புரண்டுகொண்டாலோ கிழிந்தாலோ, அடுத்த ஓடையில் தண்ணீருக்கு வாசல் திறந்துவிட்டதாகப் பொருள்.

ஸ்லிப் ஜாயின்ட்டின் நியாயம் வேறு

சக்கரங்கள் மேடேறி இறங்கும்போது டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அச்சுக்கும் இடையிலான தொலைவு மாறிக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஈடுகொடுக்க, பல்வெட்டிய ஒரு தண்டு பல்வெட்டிய ஒரு குழாய்க்குள் சறுக்குகிறது. அந்தக் குழாயின் உள்முனை மூடப்பட்டிருக்கும். நிப்பிளின் வழியாகச் செல்லும் கிரீஸ் பற்களின் இடுக்குகளில் பரவுவதோடு, தண்டின் நுனிக்கும் மூடிய முனைக்கும் இடையிலான வெற்றறையிலும் சேர்கிறது. யுனிவர்சல் ஜாயின்ட்டில் மிகுதியான கிரீஸுக்கு நான்கு வாசல்கள் உண்டு. இங்கே மிகுதியானது தங்குவதற்கு ஓர் அறை மட்டுமே உண்டு.

அந்த அறையை முழுவதும் நிரப்பிவிட்டால் ஸ்லிப் ஜாயின்ட் ஓர் ஹைட்ராலிக் ஜாக்காக மாறிவிடுகிறது. அறையின் விட்டம் 30 மி.மீ. என்றால் பரப்பு சுமார் 7 சதுர சென்டிமீட்டர். உள்ளே 100 பார் அழுத்தம் எழுந்தாலே ஏறத்தாழ 700 கிலோ எடைக்கு நிகரான விசை ஷாஃப்ட்டை இரு பக்கமும் தள்ளும். சக்கரம் ஒரு பாறையில் ஏறி அச்சு மேலே வரும்போது ஷாஃப்ட் குறுக வேண்டும். ஆனால் கிரீஸ் நசுங்காது, பற்களின் நுண்ணிய இடுக்குகளின் வழியாக விரைந்து வெளியேறவும் முடியாது. விசை முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பேரிங்கின் மேலும், அச்சில் உள்ள பினியன் பேரிங்கின் மேலும் விழும்.

ஆகவே இங்கே கன்னை இயக்கும்போது கண் ஷாஃப்ட்டின் மேல் இருக்க வேண்டும். வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும் நிலையில், ஓரிரண்டு அழுத்தங்கள் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் சற்றே நீளத் தொடங்கினால், அதாவது சறுக்குத் தண்டு ஒரு மயிரிழையாவது வெளியே நகர்ந்தால், அறை நிரம்பிவிட்டது என்று பொருள். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வண்டியைத் தூக்கி, அச்சைத் தொங்கவிட்ட நிலையில் நிரப்புவது மிக மோசமான முறை. ஷாஃப்ட் முழு நீளத்தில் இருக்கும்போது அறையும் மிகப் பெரிதாக இருக்கும், வண்டியை இறக்கியதும் அவ்வளவு கிரீஸுக்கும் இடமிராது. தவறி மிகுதியாக இட்டுவிட்டால், நிப்பிளைக் கழற்றிவிட்டுச் சிறிது தூரம் மெதுவாக ஓட்டினால் மிஞ்சியது அந்தத் துளையின் வழியாகப் பிதுங்கி வந்துவிடும். பிறகு நிப்பிளை மறக்காமல் மாட்ட வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கனரக ஷாஃப்ட்டுகள் சிலவற்றில் குழாயின் மூடியில் ஒரு சிறு காற்றுத்துளை இருக்கும். அதில் கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை அழுத்தி, பிறகு துளையை விரலால் அடைத்துக்கொண்டு, பற்களின் வெளிப்புறச் சீலில் கிரீஸ் தெரியும்வரை தொடர்வது அந்த வகைக்குரிய முறை. விரலை எடுத்ததும் மிகுதி வெளியேற வழி இருப்பதால் அங்கே பூட்டிக்கொள்ளும் அபாயம் இல்லை. எனவே கன்னைக் கையில் எடுப்பதற்கு முன்பு துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஸ்லிப் ஜாயின்ட் வறண்டிருப்பதற்கு ஒரு தனித்த அறிகுறி உண்டு. வண்டி நிற்கும்போதோ, நின்ற வண்டி கிளம்பும்போதோ, பின்னாலிருந்து யாரோ மெல்ல இடித்ததுபோல் ஒரு முட்டு உணரப்படும். பிரேக் பிடிக்கும்போது பின்புறம் எழும்பி ஷாஃப்ட்டின் நீளம் மாறுகிறது. வறண்ட பற்கள் முறுக்குவிசையின் கீழ் கவ்விக்கொண்டு உடனே சறுக்காமல், பிறகு சட்டென்று விடுபடுகின்றன. கியர் பாக்ஸ் கெட்டுவிட்டதோ என்று அஞ்சவைக்கும் இந்த முட்டு, பல வேளைகளில் மூன்று கிராம் கிரீஸில் மறைந்துவிடும்.

எளிதில் விடுபடும் இடங்கள்

கோணம் கூடுதலான முன் ஷாஃப்ட்டுகளில், டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரண்டு கிராஸ்களை அடுத்தடுத்து வைத்து, நடுவில் ஓர் உருண்டையான குண்டையும் அது அமரும் குழியையும் கொண்டு மையப்படுத்திய டபுள் கார்டன் ஜாயின்ட் இருக்கும். இரண்டு கிராஸ்களுக்கும் கிரீஸ் இட்டவர்கள்கூட நடுவிலிருக்கும் அந்தக் குண்டை மறந்துவிடுவார்கள். அதன் நிப்பிள் பெரும்பாலும் உலோகத்தோடு ஒட்டி அமிழ்ந்திருப்பதால் சாதாரணக் கன்னின் வாய் அதில் பொருந்தாது. ஊசிமுனைக் குழல் ஒன்று தேவை. ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட நிலைக்குக் கொண்டுவந்தால் மட்டுமே அந்த நிப்பிள் கண்ணுக்குத் தெரியும். இந்த மூட்டு அற்றுப்போனால் சுழலும் ஷாஃப்ட் அருகிலுள்ள கியர் பாக்ஸின் கூட்டையே அடித்து உடைத்துவிடக் கூடும்.

நிப்பிளே இல்லாத கிராஸ்களும் உண்டு. இவற்றைத் தொழிற்சாலையிலேயே கிரீஸ் நிரப்பி மூடிவிடுகிறார்கள். கைகளுக்குள் பெரிய குழல்களும், நிப்பிளுக்கான துளையும் இல்லாததால் அதே பருமனில் இவை கூடுதல் வலிமை உடையவை; பாறைகளில் ஏறுபவர்கள் சிலர் இவற்றையே விரும்புவதற்குக் காரணம் அதுதான். ஆனால் உள்ளே ஒருமுறை நீர் புகுந்துவிட்டால் அதை வெளியேற்ற வழியில்லை. ஓடைகளையும் சேற்றையும் கடப்பவருக்கு நிப்பிள் உள்ளது, பாறைகளில் முறுக்குபவருக்கு நிப்பிள் இல்லாதது என்று பிரித்துக்கொள்வது என் கருத்து. நிப்பிள் உள்ள கிராஸைப் பொருத்தும்போது, முன்னோக்கிய இயக்கத்தில் நிப்பிளின் துளை உள்ள பக்கம் இழுபடாமல் அழுந்தும்படி வைத்தால், துளையின் விளிம்பிலிருந்து விரிசல் தொடங்கும் வாய்ப்பு குறையும்.

இடைவெளியைப் பொறுத்தவரை அந்தந்த வண்டியின் கையேடே முதன்மையானது. சாலையில் ஓடும் வண்டிக்கு 8,000 அல்லது 10,000 கி.மீ. என்று குறிப்பிட்டிருந்தால், புழுதியிலும் சேற்றிலும் ஓடும் வண்டிக்கு அதில் பாதி என்று கொள்ளலாம். மூட்டு நீரில் மூழ்கியிருந்தால் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. அன்றைய பயணம் முடிந்ததும் இட்டுவிட வேண்டும்.

கெட்டுப்போன கிராஸைக் கிரீஸ் குணப்படுத்தாது. மெதுவாகச் செல்லும்போது குருவி கத்துவதுபோல் சீராக எழும் கீச்சொலி, கப்பைச் சுற்றிப் படியும் செந்நிறத் தூள், பின்கியரிலிருந்து முன்கியருக்கு மாற்றும்போது கேட்கும் ‘டக்’ ஒலி ஆகியவை ஊசிகள் ஏற்கெனவே வறண்டு அரைபட்டுவிட்டதைக் காட்டுவன. இந்த நிலையில் இடும் கிரீஸ் ஒலியைச் சில நாள்களுக்கு அடக்கிவைக்கும், அவ்வளவுதான். இரண்டு யோக்குகளையும் இரு கைகளால் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பார்த்து, கிராஸிலேயே சிறிதளவு ஆட்டம் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். டிஃபரென்ஷியலின் பற்களுக்கிடையே இருக்கும் இயல்பான இடைவெளியை இந்த ஆட்டத்தோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, பார்வை மூட்டின் மேலேயே இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் வழிந்த கிரீஸைத் துடைத்துவிட வேண்டும்; இல்லையென்றால் சுழற்சியில் அது புகைபோக்கிக் குழாயின் மேலும் அடித்தளத்தின் மேலும் தெறித்துப் புழுதியைச் சேர்க்கும். சீல்களின் விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய வளையத்தை விட்டுவைக்கலாம். அது வெளியிலிருந்து வரும் மண்ணைத் தடுக்கும். அடுத்த முறை அடியில் படுக்கும்போது அந்த வளையங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூன்று கப்களில் புழுதி படிந்த ஈரமான வளையமும், நான்காவதில் வெறும் உலோகமும் தெரிந்தால், சென்ற முறை கிரீஸ் எங்கே போகவில்லை என்பது தெரிந்துவிடும்.